சோப்புக்கு அடுத்தது வெடியுப்பு

1776 மார்ச் 31 அன்று மாசசூசெட்ஸின் பிரெய்ன்ட்ரீ கிராமத்திலிருந்து அபிகேல் ஆடம்ஸ் தன் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணவர் ஜான் ஆடம்ஸ் அப்போது பிலடெல்பியாவில், பிரிட்டனை எதிர்த்து நின்ற அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸில் உறுப்பினர். புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அதில் கேட்டிருந்ததால் அந்தக் கடிதம் பின்னாளில் பெரும்புகழ் பெற்றது. அதே கடிதத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு பதிலும் இருக்கிறது. வீட்டில் வெடியுப்பு காய்ச்சத் தொடங்கிவிட்டாயா என்று கணவர் முன்பே விசாரித்திருந்தார். இன்னும் இல்லை, சோப்பு வேலை முடியட்டும், பிறகு செய்து பார்க்கிறேன் என்கிறார் மனைவி.

ஒரு பேரரசோடு போர் நடக்கிறது. அந்தப் போரின் தலைவர்களில் ஒருவர், வெடிமருந்துக்கான மூலப்பொருளைத் தன் வீட்டுக் கொல்லையில் தயாரிக்க முடியுமா என்று மனைவியைக் கேட்கிறார். அவரும் அதைத் துவைப்பது, உப்புக்கண்டம் போடுவது மாதிரியான இன்னொரு வீட்டு வேலையாகவே வரிசையில் நிறுத்துகிறார். சோப்புக்கு அடுத்தபடியாக அதை வைத்ததிலும் பொருத்தம் இருந்தது. அந்தக் காலத்துச் சோப்புக்கு வேண்டியது கொழுப்பும், விறகுச் சாம்பலை நீரில் வடித்து எடுத்த காரநீரும், ஒரு பெரிய கொப்பரையும். வெடியுப்புக்கும் அதே சாம்பல் நீர்தான், அதே கொப்பரைதான். கொழுப்புக்குப் பதிலாக மாட்டுத் தொழுவத்து மண்.

தொழுவத்து மண்ணிலிருந்து துப்பாக்கிக்கு எப்படி வழி பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அமெரிக்க விடுதலைப் போரை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க முடியும். கொடிகளும் பிரகடனங்களும் தெரியாத பக்கம் அது. அங்கே போரின் வேகத்தை முடிவு செய்தவை கண்ணுக்குத் தெரியாத சில பாக்டீரியாக்கள். அவற்றுக்கு யாரும் கட்டளையிட முடியவில்லை.

அன்றைய வெடிமருந்தான கருமருந்தில் மூன்றே சரக்குகள். எடையில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். கரி எரிபொருள். கந்தகம் தானும் எரியும். அதைவிட முக்கியமாக, குறைந்த சூட்டிலேயே தீப்பற்ற வைக்கும். ஆனால் துப்பாக்கிக் குழலுக்குள் மேலே குண்டும் கீழே இரும்பும் அடைத்திருக்கும்போது எரிவதற்குக் காற்று எங்கிருந்து வரும்? அதைத்தான் வெடியுப்பு கொண்டுவருகிறது. வேதியியலில் அது பொட்டாசியம் நைட்ரேட். அதன் ஒவ்வொரு நைட்ரேட் அலகிலும் ஒரு நைட்ரஜன் அணுவோடு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கட்டுண்டு கிடக்கின்றன. சூடு பட்டதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. வெளிக்காற்று ஒரு துளியும் இல்லாமல், கண்ணிமைப்பதற்குள் அத்தனை கரியும் எரிந்து வாயுவாகி, குண்டைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது.

முழுவதுமாக வாயுவாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடையில் பாதிக்கு மேல் திடத் துகளாகவே வெளியேறும். அதுதான் பழைய போர்க்களங்களை மூடிய வெண்புகை. இரண்டு மூன்று முறை சுட்ட பிறகு எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1776 பிப்ரவரியில் தளபதி சார்லஸ் லீக்கு எழுதிய கடிதத்தில், பேசாமல் வில்லுக்கும் அம்புக்கும் திரும்பிவிடலாம் என்றார். ஒரு முறை சுட்டு மறுபடி குண்டு நிரப்புவதற்குள் நான்கு அம்பு விடலாம், புகையும் கண்ணை மறைக்காது என்பது அவர் வாதம். மின்னலைப் பிடித்த மனிதர் அம்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரிக்கத் தோன்றும். அவர் சொன்னதில் விளையாட்டு எவ்வளவோ, பயமும் அவ்வளவு இருந்தது. மருந்து உண்மையிலேயே இல்லை.

அந்தப் பஞ்சத்தின் பின்னணி இது. காலனிகளுக்கு வேண்டிய வெடிமருந்து பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தே கப்பலில் வந்தது. முன்பு பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்த காலத்தில் உள்ளூரில் முளைத்த ஒன்றிரண்டு மருந்து ஆலைகளும் அமைதிக் காலத்தில் பாழடைந்து கிடந்தன. 1774 செப்டம்பர் 1 அன்று பிரிட்டிஷ் தளபதி கேஜ், பாஸ்டனுக்குப் பக்கத்திலிருந்த மருந்துக் கிடங்கைக் காலி செய்து பீப்பாய்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். அக்டோபரில் காலனிகளுக்கு ஆயுதமும் மருந்தும் அனுப்பக் கூடாது என்று லண்டனில் அரசாணை பிறந்தது. டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷையர்க்காரர்கள் வில்லியம் அண்ட் மேரி கோட்டைக்குள் புகுந்து அரசனின் மருந்துப் பீப்பாய்களைத் தூக்கிச் சென்றார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் முதல் துப்பாக்கி வெடித்ததற்குக் காரணமும் கிடங்குதான். ஊர்க்காரர்கள் பதுக்கிய ஆயுதங்களைத் தேடித்தான் அன்று சிப்பாய்கள் கிளம்பினார்கள். போர் தொடங்கும் முன்பே மருந்துக்கான போர் தொடங்கிவிட்டிருந்தது.

அன்று எதிர்த்து நின்றவர்கள் குடிப்படையினர். மிலிஷியா என்று சொல்வார்கள். உழவர், கொல்லர், தச்சர் என ஊரில் ஆயுதம் தூக்கும் வயதுள்ள ஆண்கள் அத்தனை பேரும் அதில் சேர்த்தி. துப்பாக்கி அவரவர் வீட்டுச் சுவரில் தொங்கும். மருந்து மாட்டுக் கொம்பில் அடைத்திருக்கும். மானுக்கும் வாத்துக்கும் அந்தக் கொம்பு போதும், முற்றுகைக்குப் போதாது. ஜூன் 17 அன்று பங்கர் ஹில் சண்டையில் இரண்டு முறை பிரிட்டிஷ் அணிகளை மலைச்சரிவில் சாய்த்தவர்கள், மூன்றாம் முறை மருந்து தீர்ந்து துப்பாக்கிக் கட்டையால் அடித்துக்கொண்டே பின்வாங்கினார்கள்.

ஜூலையில் ஜார்ஜ் வாஷிங்டன் படைத்தலைவராகப் பொறுப்பேற்றார். கணக்கில் 300க்கும் மேற்பட்ட பீப்பாய் மருந்து இருந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் கிடங்கை எண்ணிப் பார்த்தால் 36. முன்பு வந்து சேர்ந்ததையெல்லாம் எழுதியவர்கள் செலவானதைக் கழிக்கவில்லை. பாஸ்டனைச் சுற்றி வளைத்திருந்த படை முழுவதற்கும் ஆளுக்கு ஒன்பது தோட்டாவுக்கு மேல் தேறாது. எதிரே இருந்த பிரிட்டிஷ் சிப்பாயின் பங்கு 60 தோட்டா. செய்தி கேட்ட வாஷிங்டன் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை என்று உடனிருந்த தளபதி சல்லிவன் எழுதிவைத்திருக்கிறார். அந்த நவம்பரில் நான்சி என்ற பிரிட்டிஷ் ஆயுதக் கப்பல் பிடிபட்டது. 2,000 துப்பாக்கிகள், ஒரு பெரிய பித்தளை மார்ட்டர் பீரங்கி, குண்டு என்று எல்லாம் இருந்தன. மருந்து மட்டும் இல்லை.

கரி எந்தக் காட்டிலும் கிடைக்கும். கந்தகம் கொஞ்சம் போதும், கப்பலில் வரவழைக்கலாம். முட்டுக்கட்டை வெடியுப்புதான்.

இந்த உப்பைப் பூமி கட்டிக்கட்டியாகச் சேர்த்து வைப்பது அபூர்வம். நீரில் எளிதாகக் கரைந்துவிடும், மழை அடித்துக்கொண்டு போய்விடும். அது உருவாகும் இடம் உயிர் அழுகும் இடம். சாணம், மூத்திரம், இலைதழை, இறந்த பிராணி எதுவானாலும் மட்கும்போது அம்மோனியா வெளியேறும். மண்ணில் வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்குகின்றன. அதில் வரும் ஆற்றல்தான் அவற்றின் பிழைப்பு. நைட்ரோபாக்டர் போன்ற இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை எடுத்துக்கொண்டு நைட்ரேட் ஆக்குகிறது. முதல் கூட்டத்தின் கழிவு இரண்டாம் கூட்டத்தின் உணவு. இரண்டாம் கூட்டத்தின் கழிவு பயிருக்கு உரம், மனிதனுக்கு வெடிமருந்து. சூரிய ஒளி வேண்டாம், சர்க்கரை வேண்டாம். காற்று, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் இருந்தால் போதும்.

வாஷிங்டனுக்கு மட்டுமல்ல, அன்று உலகில் யாருக்கும் இது தெரியாது. காற்றே மண்ணில் படிந்து உப்பாகிறது என்று நம்பியவர்களும் உண்டு. நூறு ஆண்டு கழித்து, 1877இல், ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு கீழே நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் அது ஏன் இருபது நாள் காத்திருக்க வேண்டும்? குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியை விட்டார்கள், நைட்ரேட் நின்றுபோனது. ஆவியை அகற்றிவிட்டுக் கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி வந்தது. மயங்கவும் சாகவும் கூடிய ஏதோ ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். எனக்குத் தெரிந்து இத்தனை எளிய சாமான்களை வைத்து இத்தனை பெரிய உண்மையைப் பிடித்த சோதனைகள் மிகச் சில.

பாக்டீரியா தருவதோடு வேலை முடிவதில்லை. மண்ணில் சேர்வது பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட். அதில் மருந்து செய்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் சேறாகிவிடும். இங்கேதான் அபிகேலின் சாம்பல் தொட்டி வருகிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. மண்ணை ஊறவைத்து வடித்த நீரைச் சாம்பலோடு சேர்த்தால் இரண்டும் துணை மாற்றிக்கொள்ளும்: கால்சியம் சுண்ணாம்பாகி அடியில் படியும், பொட்டாசியம் நைட்ரேட் நீரிலேயே தங்கும்.

அதோடு சாப்பாட்டு உப்பும் கலந்திருக்கும், தொழுவத்து மண் அல்லவா? அதைப் பிரிக்கும் தந்திரம் அழகானது. 100 மில்லி நீரில் உறைநிலைக் குளிரில் 13 கிராம் வெடியுப்புதான் கரையும். கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல் கரையும். சாப்பாட்டு உப்போ குளிரிலும் கொதிப்பிலும் 35க்கும் 40க்கும் இடையில்தான். ஆகவே நீரைக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சினால் சாப்பாட்டு உப்பு முதலில் பிரிந்து அடியில் விழும். அதை அகப்பையில் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், மறுநாள் காலையில் ஊசி ஊசியாக வெடியுப்பு நிற்கும். நல்ல சரக்கா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் நாக்கு சில்லென்று இருக்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் அக்பரின் அரண்மனையில் குடிநீரைக் குளிரவைத்தார்கள் என்று அபுல் பசல் எழுதுகிறார்.

பாக்டீரியாக்கள் மும்முரமாக வேலை செய்ய 25, 30 டிகிரி வெப்பம் வேண்டும், குளிரில் சுணங்கிவிடும். உண்டான உப்பு மேலே ஏறி வெளுத்துப் பூக்க நீண்ட வறண்ட கோடை வேண்டும். கால்நடையும் மக்களும் நெருங்கி வாழும் பழைய ஊர்கள் வேண்டும். இவையெல்லாம் ஒரே இடத்தில் அமைந்த நிலம் ஒன்று உண்டு: பீகார். மழைக்காலம் முடிந்து வெயில் ஏற ஏற, ஊரைச் சுற்றியுள்ள மண்ணிலும் மண்சுவர் ஓரங்களிலும் வெள்ளைப் பொருக்குப் பூக்கும். நோனியா சாதியினர் தலைமுறை தலைமுறையாக அதைச் சுரண்டிக் காய்ச்சிப் பிழைத்தவர்கள். பிளாசி சண்டைக்கு அடுத்த ஆண்டே, 1758இல், பீகார் வெடியுப்பு முழுவதற்குமான ஏகபோகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றிக்கொண்டது. மூட்டைகள் பாட்னாவிலிருந்து கங்கை வழியே இறங்கி, கப்பலின் அடித்தட்டில் பாரமாக ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தன. பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் இதே கம்பெனியின் சரக்குதான். கம்பெனியின் தேயிலை வேண்டாம் என்று சொல்வது அமெரிக்கர்களுக்கு எளிதாக இருந்தது. கம்பெனியின் வெடியுப்பு இல்லாமல் சமாளிப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

ஆகவே காங்கிரஸ் புத்தகம் அச்சடித்தது. 1775இல் பிலடெல்பியாவில் வெளிவந்த அந்தச் சிறு நூல், வெடியுப்பு தயாரிக்கும் பல முறைகளைப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. தொழுவம், நிலவறை, புகையிலைக் கிடங்கு ஆகியவற்றின் தரையைத் தோண்டுங்கள். தொட்டியின் அடியில் வைக்கோல் பரப்புங்கள். நீரை ஊற்றி வடியுங்கள். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் புகையிலைத் தண்டிலிருந்து உப்பு எடுப்பது பற்றி எழுதினார். செய்தித்தாள்கள் இவற்றை மறுபடி அச்சிட்டன. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. முந்தைய நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வெடியுப்பு ஆட்கள் அனுமதி கேட்காமல் வீட்டுத் தரையைத் தோண்டிப்போட்டார்கள். முதலாம் சார்லஸ் மூத்திரத்தைச் சேர்த்துவைத்து ஒப்படைக்கும்படிகூட ஆணையிட்டார். அதையெல்லாம் கொடுங்கோன்மை என்று வைத சமூகத்தின் வாரிசுகள் இப்போது தாங்களாகவே கடப்பாரை எடுத்துத் தங்கள் வீட்டுத் தரையைத் தோண்டினார்கள்.

குண்டு வார்ப்பதும் வீட்டு வேலைதான். 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜின் ஈயச் சிலையை மக்கள் கீழே சாய்த்தார்கள். துண்டுகளைக் கனெக்டிகட்டின் லிச்பீல்டு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலிவர் உல்காட் வீட்டுத் தோட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து அரசனை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. ஈயத்துக்கு ஓர் அரசன் கிடைத்தான். வெடியுப்புக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

உப்பு கிடைத்தாலும் அதை மருந்தாக்கும் ஆலையும் கைநுணுக்கமும் வேண்டும். மூன்று சரக்கையும் ஈரத்தோடு மணிக்கணக்கில் இடித்து, குருணையாக்கி, உலர்த்த வேண்டும். வெறுமனே கலந்த தூள் சோம்பலாகப் புகையும். வெள்ளிக் கொல்லரான பால் ரிவியர் 1775 நவம்பரில் பிலடெல்பியாவுக்குப் போய், ஆஸ்வால்டு ஈவ் என்பவரின் மருந்து ஆலையைப் பார்க்க அனுமதி கேட்டார். போட்டிக்கு ஆள் வருவதை விரும்பாத ஈவ், சுற்றிப் பார்க்க மட்டும் விட்டார். ரிவியருக்கு அதுவே போதுமாக இருந்தது. மாசசூசெட்ஸ் திரும்பியதும் ஆலை கட்டும் வேலை தொடங்கியது. ஆண்டோவரில் சாமுவேல் பிலிப்ஸ் 1776இல் ஓர் ஆலை நடத்தினார். 1778இல் அது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

இவ்வளவு பாடும் பட்டு எவ்வளவு விளைந்தது? போரின் முதல் இரண்டரை ஆண்டில் அமெரிக்கர்களுக்குக் கிடைத்த மருந்து ஏறக்குறைய 23 லட்சம் பவுண்டு என்று வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஸ்டீபன்சன் 1925இல் கணக்கிட்டார். அதில் உள்நாட்டு உப்பிலிருந்து வந்தது ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பத்தில் ஒன்பது பங்கு மருந்தாகவோ வெடியுப்பாகவோ கடல் கடந்து வந்தது. மக்களின் ஆர்வத்தில் குறையில்லை. குறைந்தது வெப்பமும் காலமும். வெடியுப்புப் படுகையை அமைத்து, கிளறிக் கிளறி, நல்ல மகசூல் காண ஓராண்டு இரண்டாண்டு ஆகும். நியூ இங்கிலாந்தின் குளிர்காலத்தில் அதுவும் நகராது. பழைய தொழுவங்களின் தரையில் சேர்ந்திருந்ததை ஒருமுறை தோண்டி எடுத்துவிட்டால், மறுபடி ஊறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆக, வேறு வழிகளில் மருந்து தேடினார்கள். பெர்முடா தீவு அமெரிக்கத் தானியத்தை நம்பி வயிறு வளர்த்தது; ஏற்றுமதி நின்றதும் தவித்தது. 1775 ஆகஸ்டு 14 இரவு, தீவுக்காரர்களே சிலர் உடந்தையாக இருக்க, அரசாங்கக் கிடங்கிலிருந்து நூறு பீப்பாய் மருந்து அமெரிக்கக் கப்பல்களில் ஏறியது. 1776 மே மாதம் ஜேம்ஸ் மக்போர்டு பாஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே 1,500 பீப்பாய் மருந்தோடு ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார். டச்சுக்காரர்களின் செயின்ட் யுஸ்டேஷியஸ் தீவு பெரிய கள்ளச்சந்தையானது. பிரான்சில் நாடகாசிரியர் போமார்ஷே ஒரு போலி வணிக நிறுவனத்தைத் தொடங்கி, அரசரின் பணத்தில் ஆயுதமும் மருந்தும் அனுப்பினார். கதாபாத்திரங்களை உருவாக்கிப் பழகியவர். ஒரு கம்பெனியை உருவாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பிரான்சிடம் கொடுக்கும் அளவுக்கு மருந்து இருந்ததற்கும் பீகாரே காரணம் என்று சொல்லலாம். பிளாசி காலத்துப் போரில் இந்திய வெடியுப்பு பிரான்சுக்குக் கிடைக்காமல் போய், அதன் படைகள் திண்டாடின. அந்தப் பாடத்துக்குப் பின் 1775இல் நிதியமைச்சர் துர்கோ மருந்துத் துறையை அரசு நிர்வாகத்துக்கு மாற்றினார். அதன் நிர்வாகிகளில் ஒருவர் அந்துவான் லவாய்சியே. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சேர்தல் என்று உலகுக்கு விளக்கியவரே வெடியுப்புக் காய்ச்சலையும் மேற்பார்வை பார்த்தார். சில ஆண்டுகளில் பிரெஞ்சு மருந்தின் அளவும் தரமும் உயர்ந்தன. அமெரிக்கா விடுதலை பெற்றதில் அந்த மருந்துக்குப் பங்குண்டு என்று பிற்பாடு அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டார். 1794 மே 8 அன்று பிரெஞ்சுப் புரட்சி அவர் தலையை வெட்டியது.

மருந்து கைக்கு வந்த பிறகும் மழை ஒன்று போதும். 1777 செப்டம்பர் 16 அன்று பிலடெல்பியாவுக்கு மேற்கே இரு படைகளும் நெருங்கி நின்றபோது வானம் பொத்துக்கொண்டது. அமெரிக்கர்களின் தோல் பெட்டிகள் மட்டமான தையல். ஆயிரக்கணக்கான காகிதத் தோட்டாக்கள் கூழாயின. சண்டை போடாமலேயே வாஷிங்டன் பின்வாங்கினார். பத்து நாளில் பிலடெல்பியா விழுந்தது.

கடற்கரையை விட்டு உள்ளே போகப்போக நிலைமை வேறு. கென்டக்கியில் குடியேறிய குடும்பங்களுக்காக ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் 1776இல் வர்ஜீனியா அரசிடம் 500 பவுண்டு மருந்துக்கு மன்றாட வேண்டியிருந்தது. காக்கத் தகுதியில்லாத நாடு சொந்தம் கொண்டாடவும் தகுதியில்லாதது என்று அவர் சீறிய பிறகே கொடுத்தார்கள். மலைகளுக்கு அப்பால் வட்டாகா குடியிருப்பில் மேரி பேட்டன் என்ற பெண் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர், மருந்து செய்யும் தொழிலைக் குடும்பத்தில் கற்றவர். ஓடைக்கரையில் அவர் நடத்திய சிறு ஆலையின் பெயரால் அந்த ஓடையே இன்றும் மருந்து ஓடை எனப்படுகிறது. 1780 செப்டம்பரில், மலையைக் கடந்து வந்து நெருப்பும் வாளும் கொண்டு அழிப்பேன் என்று பிரிட்டிஷ் அதிகாரி பெர்குசன் மிரட்டினார். சிகமோர் ஷோல்ஸ் படுகையில் மலைக்குடிப்படை திரண்டது. அவர்களுக்கு மேரி 500 பவுண்டு மருந்து கொடுத்தார். அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுன்டன் குன்றைச் சூழ்ந்து ஒரு மணி நேரத்தில் பெர்குசனின் படையை முடித்தார்கள். இறந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய எல்லாருமே காலனிக்காரர்கள்தான். பிரிட்டனிலிருந்து வந்த படையதிகாரி பெர்குசன் ஒருவர்தான்.

மேரியின் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மலைச்சரிவு செரோகி மக்களின் நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1779இல் வாஷிங்டனின் உத்தரவுப்படி, கிடங்குச் செய்தி வந்தபோது உடனிருந்த அதே சல்லிவன், இராகுவா மக்களின் 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்து, நின்ற சோளத்தையும் பழமரங்களையும் வெட்டிப்போட்டார். குடியேறிகள் தங்கள் விடுதலைக்கென்று தோண்டிச் சேர்த்த மருந்து போன திசைகளில் இதுவும் ஒன்று.

1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியதும் சண்டை நம் கடற்கரைக்கும் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியை மடக்கியபோது, கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறி முடிவைத் தீர்மானித்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் அந்த வெடிப்பு இன்றும் இருக்கிறது. ஹைதரின் பெயரை அமெரிக்கர்கள் ஒரு போர்க்கப்பலுக்கே வைத்தார்கள். அது 1782 ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் ஜெனரல் மாங்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன்வரைவில் கையெழுத்திட்டது 1783 ஜனவரியில். செய்தி வந்து சேராததால் ஜூன் 20 அன்றுகூடக் கடலூருக்கு எதிரே இரு நாட்டுக் கப்பல்களும் சுட்டுக்கொண்டிருந்தன.

சுதந்திரம் வந்த பிறகும் வெடியுப்பில் அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வரவில்லை. லவாய்சியேயிடம் தொழில் பயின்ற ஏலூதேர் இரெனே டூபான்ட் 1802இல் டெலவேரின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் மருந்து ஆலை அமைத்தார். அதுவே பிற்பாடு அமெரிக்காவின் மிகப் பெரிய வெடிமருந்து நிறுவனமானது. அதன் உப்பு இந்தியாவிலிருந்து வந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அதே குடும்பத்து லமோட் டூபான்ட் வடக்கு அரசுக்காக இங்கிலாந்துக்குப் போய், அங்கே கிடைத்த இந்திய வெடியுப்பையெல்லாம் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை வழிமறித்துத் தெற்கு மாநிலங்களின் இரண்டு தூதர்களை அமெரிக்கர்கள் இறக்கிக்கொண்ட சமயம் அது. பிரிட்டன் உடனே ஏற்றுமதிக்குத் தடை போட்டது. லிங்கன் அரசு அந்த இரண்டு தூதர்களையும் விடுவித்த பிறகே உப்பு புறப்பட்டது.